சின்னம்மாவின் முட்டைகள் மெசினுக்குப் போன கதை

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் படிப்பால்தான் தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீட்டிலிருந்து பண்டாரவளைக் கோழிப் பண்ணைக்கு வேலைக்குப் போனேன். குஞ்சு பொரிக்கும் மெசின் என் பொறுப்பு. அலமாரி உயரத்தில் ஒரு மரப்பெட்டி. உள்ளே தட்டுத் தட்டாக முட்டைகள். சூட்டைப் பரப்ப ஒரு காற்றாடி, ஈரத்துக்கு அடியில் தண்ணீர்த் தட்டம். பக்கத்துக் கைப்பிடியை இழுத்தால் எல்லாத் தட்டுகளும் ஒன்றாக மறுபக்கம் சாயும். கோழி அலகால் புரட்டுகிற வேலை அது. புரட்டாவிட்டால் கரு ஓட்டோடு ஒட்டிச் செத்துவிடும். மழையோ பனியோ, உள்ளே அதே சூடு. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் எனக்கு அலுப்பே வந்ததில்லை.

லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு சின்னம்மாவுடையது. அவளுடைய அடைக்கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டது. தாய்வீட்டிலிருந்து சீராக வந்த கோழியின் வம்சம். வேறு கோழி இல்லை. பாதி அடையில் நின்ற முட்டைகள் மட்டும் மிஞ்சின.

"மெசின்ல வச்சுப் பாப்பமா, சின்னம்மா?"

"ஒம் பொட்டிக்கு றெக்கை இருக்கா? எதை வச்சு அணைக்கும்?"

கேலி பேசினாலும், முட்டைகளை உமிக்கூடையில் வைத்துத் துணி போர்த்தி, மடியை விட்டு இறக்காமல் என்னோடு பஸ்ஸில் வந்தாள்.

"வைங்க. பொரிக்கலைன்னா என் மெசினைத் திட்டக் கூடாது" என்றார் மேனேஜர்.

இருட்டறையில் முட்டையை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினேன். சிவப்பு நரம்புகளுக்கு நடுவே கரு அசைந்தது. சின்னம்மா மூச்சை அடக்கிக்கொண்டாள்.

அவள் ஊர் திரும்பிய பிறகு கைப்பிடியை இழுத்தேன். பாதியில் நின்றுவிட்டது. மறுபடி இழுத்தேன், நகரவில்லை. அவள் முட்டைகள் மட்டுமா, பண்ணை முட்டைகள் அத்தனையும் அப்படியே நின்றன. கதவைத் திறந்து தட்டு தட்டாகத் தடவினேன். சின்னம்மாவின் முட்டைகளுக்குப் பக்கத்தில் ஒரு கரித்துண்டும், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியின் உடைந்த முனையும். கத்தி முனை தட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே சிக்கியிருந்தது.

எங்கள் லயத்தில் அடை வைக்கிற பெண்கள் எல்லோரும் கூடையில் கரியும் இரும்பும் போடுவார்கள். இல்லாவிட்டால் இடிச் சத்தத்தில் முட்டை கலங்கிவிடும் என்பார்கள். நான் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் சின்னம்மாவும் செருகியிருக்கிறாள். உருவி எடுத்ததும் தட்டுகள் ஒன்றாகச் சாய்ந்தன. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

லயத்துக்குப் போனதும் கேட்டேன். "என்ன சின்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"மெசினுக்கு எல்லாந் தெரியும்னு சொன்ன. இடியைப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலியே!"

கரியையும் இரும்பையும் மெசினின் தலைமேல் வைக்கச் சம்மதித்தோம். மேனேஜர் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

பொரிக்கும் நாளன்று கொழுந்து பறிக்கப் போகாமல் வந்துவிட்டாள். ஒன்றிரண்டு கூமுட்டையாகிவிட்டன. மற்றவற்றின் ஓடு வெடித்து, நனைந்த குஞ்சுகள் தள்ளாடி எழுந்தன. சின்னம்மா சூடான கதவில் உள்ளங்கையை வைத்தாள்.

"தீனி திங்கக்கூட ஒரு தரம் எந்திரிக்கலியே, புள்ள. எங் கோழிகூட இப்படி ஒக்காந்ததில்ல."