கோமதி அக்காவின் வண்டி நின்ற வளைவு

கோமதி அக்கா போய்விட்ட செய்தி உங்களுக்கெல்லாம் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். "பொன்முடி ரோட்டுல கரண்டு வண்டி சார்ஜ் தீர்ந்து நின்னுபோச்சாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாம கோமதி போயிட்டாளாம்." திருவனந்தபுரம் ஆரியசாலைக் கடைகளில் அன்று மத்தியானமே இப்படித்தான் பேசிக்கொண்டார்கள். அங்கே பலசரக்கு மொத்தக் கடை வைத்திருக்கும் அவருடைய கணவர் சங்கரலிங்கம் அண்ணாச்சிக்கும் இதே வாசகம்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. நான் போன் செய்வதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் முந்திக்கொண்டார். அந்தச் செய்தியில் அக்கா போய்விட்டார் என்பது மட்டும்தான் உண்மை. மற்றது அத்தனையும் பொய். அந்த வண்டியில் அவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவன் நான். அஞ்சலிக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னபோது நாக்கு எழவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. விபத்தில் சிக்கிய வண்டிகளைப் போய்ப் பார்த்து, காப்பீட்டுக்காகச் சேதத்தை மதிப்பிடுவது எங்கள் தொழில். நானும் அக்காவும் ஒரே அலுவலகம். மற்றவர்கள் வண்டியைச் சுற்றி வந்து படம் எடுப்போம், கீழே குனிந்து பார்ப்போம். அக்கா முதலில் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிடுவார். கண்ணாடி நொறுங்கிக் கிடந்தாலும், கதவு பிய்ந்து தொங்கினாலும் சரி, துடைத்துவிட்டு உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் கை வைத்து, கண்ணை மூடிக்கொள்வார். "ஓட்டுனவரு கடைசியா எங்க இருந்தாரோ அங்க இருந்து பாத்தாத்தான் காரியம் விளங்கும்டே" என்பார்.

ஒருமுறை நெடுமங்காட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் ஒரு காரைப் பார்க்கப் போனோம். ஓட்டியவர் விபத்து நடந்த இடத்திலேயே முடிந்துபோனவர். வண்டி ஒரு வாரமாக மாமர நிழலில் கிடந்தது. அக்கா உள்ளே உட்கார்ந்து வெகுநேரம் கண் திறக்கவில்லை. பட்டறைக்காரர்கள் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு இறங்கி வந்து, "சீட்டு சூடா இருக்கு முருகேசா" என்றார். தொட்டுப் பார்க்கச் சொன்னார். நான் தொடவில்லை. எனக்கு என்ன பைத்தியமா?

இப்படிப்பட்டவர் மின்சாரக் கார் வாங்கினார் என்றால் சும்மா வாங்குவாரா. அவர்கள் வீடு இருக்கும் ஆரியசாலைச் சந்தில் மூட்டை தூக்குகிறவர்கள் யாருக்கும் முதலில் அந்த வண்டி வருவது காதில் விழவில்லை. ஹாரன் அடித்தால் சுமையோடு இருப்பவன் திடுக்கிட்டு விழுவான் என்று, அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டு, "வண்டி வருது, கொஞ்சம் மாறிக்கோங்க" என்று வாயால் சொல்லிக்கொண்டே ஊர்ந்து வருவார். மெதுவாகப் போகும்போது அந்த வண்டியிலிருந்து ஒரு ரீங்காரம் வரும், சுருதிப் பெட்டியைத் தூரத்தில் யாரோ திறந்து வைத்த மாதிரி. அது கேட்டால் அண்ணாச்சி வீட்டில் காப்பிக்குப் பால் அடுப்பில் ஏறிவிடும். போகப்போக அது காதுக்குப் பழகி, சந்துக்காரர்களும் தலையைத் தூக்காமலே நகர்ந்து வழி விடுவார்கள்.

எனக்கும் அக்காவுக்கும் இந்த வண்டி விஷயத்தில் ஓயாத சண்டை. நான் பெட்ரோல்காரன். எங்கே தீர்ந்தாலும் ஒரு பங்க் இருக்கும், நிரப்பிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம், சார்ஜருக்கு முன்னால் வரிசையில் தவம் கிடக்க வேண்டாம் என்பது என் கட்சி. அக்கா தன் கட்சியின் ஓட்டைகளை மறைக்க மாட்டார், அதுதான் அவரோடு சண்டை போடுவதில் உள்ள கஷ்டம். திருநெல்வேலிக்குக் கல்யாணத்துக்குப் போனபோது நாகர்கோவில் தாண்டி ஒரு சார்ஜர் வேலை செய்யவில்லை. ஓர் ஓட்டல்காரர் இரக்கப்பட்டு அடுப்படியிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்தார். "நான் கெளம்புற வரைக்கும் கிரைண்டர் ஓடலை. எல்லாரும் சட்னி இல்லாம இட்லி தின்னுட்டு என்னை முறைச்சாங்க" என்று அக்காவேதான் சொல்லிச் சிரித்தார். தாலி கட்டும்போது போய்ச் சேரவில்லை, பந்திக்குத்தான் போனார். ஆனாலும் ஊருக்குள் தினம் ஓடுவதற்கு இதைவிட நல்ல வண்டி இல்லை என்பதில் இம்மியும் இறங்கி வர மாட்டார்.

இனி அந்த நாள். அதற்கு முந்தின சாயங்காலம் ஐப்பசி இடி. திருவனந்தபுரத்தில் இடி இறங்கினால் என்ன செய்வோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதல் மின்னலுக்கே வீட்டில் உள்ள பிளக்குகளை எல்லாம் பிடுங்கிப் போடுவோம். டிவி, பிரிட்ஜ், மிக்ஸி, ஒன்றும் பாக்கி இருக்காது. அண்ணாச்சியும் அதைத்தான் செய்தார். வீட்டைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் பிடுங்கினவர், போர்ட்டிகோவில் வண்டியின் சார்ஜர் பிளக்கையும் பிடுங்கினார். மழை விட்டதும் டிவி பிளக்கைத் திரும்பச் செருகினார். வண்டியை மறந்துபோனார். காலையில் பார்த்தால் பாதி சார்ஜ்தான் இருந்தது.

பொன்முடியில் ஒரு எஸ்டேட் ஜீப் தேயிலைச் சரிவில் உருண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் போக வேண்டும். "பாதி சார்ஜ வெச்சுக்கிட்டு மலை ஏறணுமா அக்கா? என் வண்டியில போலாம்" என்றேன். அண்ணாச்சியும் வாசலில் நின்று, "முருகேசன் சொல்லுறதும் சரிதானே கோமு" என்றார். அக்கா கேட்கவில்லை. "ஏறும்போது தின்னும். இறங்கும்போது மலை திருப்பித் தரும்டே. கேறு" என்றார். நான் முணுமுணுத்துக்கொண்டே ஏறினேன்.

மேலே போய்ச் சேர்ந்தபோது சார்ஜ் மளமளவென்று இறங்கியிருந்தது, எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ஜீப்பைப் பார்த்தோம். அக்கா வழக்கம்போல அதிலும் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினார். இறங்கும்போது நெஞ்சைத் தடவிக்கொண்டார், கேட்டதற்கு வாயு என்றார்.

திரும்பி மலை இறங்க ஆரம்பித்ததும், சக்கரம் உருளுவதே பேட்டரியை நிரப்ப, திரையில் சார்ஜ் ஒவ்வொரு புள்ளியாகக் கூடிக்கொண்டு வந்தது. "பார்த்தியா, திருப்பித் தருது" என்றார் அக்கா. அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். நான் விடுவேனா? தின்றதில் கால்வாசிகூட வராது என்று ஆரம்பித்தேன். என் பக்கத்துச் சரிவில் மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்தபடியே பேசிக்கொண்டு வந்தேன். ஒரு வளைவுக்கு முன்னால் வண்டி மெதுவாகி நின்றது. ஒரு குலுக்கல்கூட இல்லை. எதிரே ஏதோ வருகிறது போல, வழிவிடுகிறார் என்று நினைத்தேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. என் பழைய வண்டி என்றால் என்ஜின் திணறி அணைந்திருக்கும், ஏதோ ஆகிவிட்டது என்று காதுக்காவது தெரிந்திருக்கும். இங்கே எந்தச் சத்தமும் நிற்கவில்லை, ஏனென்றால் நிற்பதற்கு என்ஜின் சத்தமே இல்லை, கண்ணாடி ஏற்றியிருந்ததில் அந்த ரீங்காரமும் உள்ளே கேட்கவில்லை. திரையில் 'ரெடி' என்ற பச்சை எழுத்து எரிந்துகொண்டிருந்தது. "சரி, இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. இந்த மாதிரி எடத்துல வண்டி நின்னுபோனா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். அக்கா பதில் சொல்லவில்லை. என்றைக்கும் என்னைப் பதில் இல்லாமல் விட்டவர் இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன்.

இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. கண்கள் திறந்து, வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தன. பெல்ட் அவரை நிமிர்த்திப் பிடித்திருந்தது. கால் மட்டும் பெடலிலிருந்து நழுவியிருந்தது. காலை எடுத்தால் தானே வேகம் குறைந்து நின்றுவிடுகிற மாதிரி அக்கா அந்த வண்டியை அமைத்து வைத்திருந்தார், இறக்கத்துக்கு அதுதான் நல்லது என்பார். வண்டி அவர் சொன்னபடி நின்றிருந்தது. அதற்கு முன்னால் நான் எவ்வளவு நேரம் செத்துப்போனவரோடு வாதாடிக்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியாது.

பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. கண்டக்டர் இறங்கி வந்து, "சார்ஜு தீர்ந்நோ சாரே?" என்று கேட்டபடி குனிந்தவர், பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். பஸ்ஸில் இருந்தவர்கள் கண்டது வழியில் நின்ற ஒரு கரண்டு வண்டியை மட்டும்தான். அதைத்தான் போனில் சொல்லிவிட்டார்கள். நானும் கண்டக்டரும் அக்காவைப் பின் இருக்கைக்கு மாற்றினோம். பஸ்ஸில் வந்த ஒரு நர்ஸ் கூட ஏறிக்கொண்டார். அதே வண்டியைத்தான் நான் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு நொடியில் முடிந்த காரியம், பக்கத்திலேயே டாக்டர் இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று அங்கே சொன்னார்கள். பிறகு ஊர்வரைக்கும் அந்த வண்டி வந்தது. வந்து நின்றபோதும் சார்ஜ் மிச்சம் இருந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் பாத்திரங்கள் இறக்க வேண்டும் என்று யாரோ வண்டியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார்கள். அந்த ரீங்காரம் எழுந்தது. சந்தில் சுமையோடு வந்த இரண்டு பேர் தலையைத் தூக்காமலே ஒதுங்கி வழி விட்டார்கள். உள்ளே இருந்து அண்ணாச்சி சாதாரணமாக, "பாலை வையுங்க, அவ வந்துட்டா" என்றார். அடுப்படியில் ஒரு பெண் பாலை வைத்தும்விட்டார். பிறகுதான் அவர் சொன்னது என்னவென்று எல்லாருக்கும் உறைத்தது. பொங்கி வழியும் வரை அந்தப் பாலை இறக்க யாருக்கும் கை வரவில்லை.

அதற்குப் பிறகு அண்ணாச்சி வண்டியைச் சார்ஜரிலிருந்து எடுக்கவே இல்லை. ஓடாத வண்டிக்கு இரவும் பகலும் கரண்டு. ஒரு சாயங்காலம் நான் போனபோது இடி இடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் மற்ற எல்லாப் பிளக்குகளும் செருகினபடி. அண்ணாச்சி போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு, சார்ஜர் பிளக்கின்மேல் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருந்தார். மின்னல் வெட்டும்போதெல்லாம் அவர் முகம் வெள்ளையாகத் தெரிந்து மறைந்தது.

"கையை எடுங்க அண்ணாச்சி, இடி விழுந்தா என்ன ஆகும்?"

"விழட்டும். அன்னிக்குப் பிடுங்கினது நானாக்கும். நான் பிடுங்கலேன்னா வண்டி நின்னிருக்காது. அவளும் வீடு வந்திருப்பா."

நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். "நீ எனக்குச் சமாதானம் சொல்லுறே" என்று தலையை ஆட்டினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மனைவி போன துக்கம் போதாதா, அவளைக் கொன்ற பழியையும் இந்த மனிதர் சுமக்க வேண்டுமா? "என் சொல்லை நம்ப வேண்டாம். அக்கா பார்க்கிற மாதிரி பார்ப்போம். வண்டியில உட்கார்ந்து பார்ப்போம். வாறீங்களா?" என்றேன். அவர் சரி என்றார்.

சார்ஜை அன்றைய அளவுக்குக் குறைத்துக்கொண்டு ஒரு காலையில் கிளம்பினோம். நான் அக்காவின் இடத்தில், அண்ணாச்சி என் இடத்தில். ஏறும்போது எண்கள் இறங்க இறங்க அவருக்கு வியர்த்தது. இறக்கத்தில் எண் ஒன்று கூடியதும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதே வளைவு வந்தது. அதே மூடுபனி. நான் பெடலிலிருந்து காலை எடுத்தேன். வண்டி மெதுவாகி, குலுங்காமல் நின்றது. பச்சை எழுத்து எரிந்துகொண்டிருந்தது. யாரோ இப்போது பேசுவார்கள் என்று காத்திருப்பது போல இருந்தது.

"நான் அங்க உக்காரட்டா?" என்றார். இடம் மாறினோம். வண்டி ஓட்டத் தெரியாத அண்ணாச்சி ஸ்டியரிங்கில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. "சீட்டு சூடா இருக்கு முருகேசா" என்றார். நெடுமங்காட்டுக் கதையை நான் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. இவ்வளவு நேரம் நான் உட்கார்ந்து வந்த சீட்டு, சூடாகத்தான் இருக்கும். அப்படி அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கண்ணைத் திறந்து சார்ஜைப் பார்த்தார். பிறகு வளைவுக்கு அப்பால் ரோடு முடிந்து பனி தொடங்குகிற இடத்தைப் பார்த்தார். "அப்போ சார்ஜ் தீரலை. அவ உன்னை அந்தப் பனிக்குள்ள விழாம வெச்சுட்டுல்லா போயிருக்கா" என்றார். அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். அக்கா போன நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அன்று சாயங்காலம் இடி இறங்கியது. அண்ணாச்சி எழுந்து வீட்டைச் சுற்றி வந்தார். டிவி, பிரிட்ஜ், மிக்ஸி. கடைசியாகப் போர்ட்டிகோவுக்கு வந்து சார்ஜர் பிளக்கையும் பிடுங்கிப் போட்டார்.

சார்ஜருக்கு வரிசையில் நிற்க எனக்கு இன்னும் பொறுமை கிடையாது. தூரப் பயணத்துக்குப் பெட்ரோல்தான் என்ற கட்சியை நான் விடவும் இல்லை, அக்கா கேட்டுக்கொண்டிருந்தால் கோபித்துக்கொள்ளட்டும். ஆனால் இப்போதெல்லாம் இறக்கம் வந்தால் என் வண்டியில் ஒருமுறை காலை எடுத்துப் பார்க்கிறேன். அது நிற்பதில்லை. வளைவை நோக்கி உருண்டுகொண்டே போகிறது, நான்தான் பிரேக்கை மிதிக்க வேண்டியிருக்கிறது. அன்று அக்கா என் பேச்சைக் கேட்டு என் வண்டியில் வந்து, அவரே ஓட்டியிருந்தால், அந்தப் பிரேக்கை மிதிக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். அக்காவின் ஞாபகமாக என்ன வைத்திருக்கிறாய் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். வேறென்ன சொல்வது, உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேனே, அதுதான்.