குப்பை இல்லாத வீடு

கணவர் இறந்த மறு வருடம் மகன் என்னை ஜெர்மனிக்கு அழைத்துப் போனான். மூன்று மாதம் இருந்தேன். அவனும் மருமகளும் காலை ஏழரைக்குக் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். அதுவரை மூன்றாவது மாடியில் நானும் ஒரு ஜன்னலும்தான்.

போன முதல் வாரத்தில் ஒரு நாள் யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டு அம்மாள். என்னைவிட மூத்தவள், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கையில் நான் காலையில் முற்றத்துத் தொட்டியில் போட்டுவிட்டு வந்த குப்பைப் பை. பிரித்துக் காட்டினாள். தயிர் டப்பா, வாழைப்பழத் தோல், தாளித்து ஒதுக்கிய கறிவேப்பிலை. அந்தக் கட்டடத்தில் கறிவேப்பிலை தாளிக்கும் வீடு எங்களுடையது ஒன்றுதான். நான் திருடி அகப்பட்டவள் போல நின்றேன்.

அவள் திட்டவில்லை. என்னைக் கீழே கூட்டிப் போய், தோலைப் பழுப்புத் தொட்டியிலும் டப்பாவை மஞ்சள் தொட்டியிலும் என் கையாலேயே போட வைத்தாள். அவள் பேசியது எனக்குப் புரியவில்லை. "சரி, சரி" என்று தமிழிலேயே சொன்னேன். அவளும் தலையாட்டினாள்.

மகனிடம் சொன்னபோது சிரித்தான். "எம்மா, கோவிச்சுக்காத. தப்பாப் போட்டா வண்டிக்காரன் எடுக்காமப் போயிருவான். அதான் இவ்வளவு கறாரா இருக்காங்க."

நான் கோபித்துக்கொள்ளவே இல்லை. அன்று பகலில் என்னைத் தேடி ஒருத்தி படியேறி வந்தாள் என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அதன்பின் அந்த ஊர் வழக்கங்களைக் கவனிக்க ஆரம்பித்தேன். கண்ணாடிப் பாட்டிலைக்கூட நிறம் பார்த்துப் போடுகிறார்கள். சத்தம் கேட்கும் என்று ஞாயிற்றுக்கிழமை போடுவதில்லை. அதே ஆட்கள் கடையில் ஒற்றை வெள்ளரிக்காயைப் பிளாஸ்டிக் தாள் சுற்றி வாங்குகிறார்கள். நம் ஊரில் கீரைக்கட்டை வாழைநாரில் கட்டித் தருகிறார்கள். குளித்துவிட்டு ஷாம்பு பாக்கெட்டை ஆற்றுப் படித்துறையிலேயே விட்டுவிட்டுப் போகிறோம். எந்த ஊர்க்காரர் ஒழுங்கு என்று என்னால் தீர்த்துச் சொல்ல முடியவில்லை.

எங்கள் ஊர் டவுணுக்குத் திரும்பியபோது அந்தப் பழக்கம் என்னோடு வந்துவிட்டது. காய்த்தோலை மாடிச் செடித்தொட்டிகளில் புதைத்தேன். பருப்புக்கும் எண்ணெய்க்கும் வீட்டிலிருந்தே பாத்திரம் கொண்டு போனேன். கணவருடைய நினைவு நாளன்று அல்வாவுக்கும் தூக்குவாளியோடு போனேன்.

"என்னக்கா, வாளி கொண்டாந்திருக்கிய? வீட்டுல விசேஷமா?" என்றார் கடைக்காரர்.

"விசேஷமெல்லாம் இல்ல அண்ணாச்சி. கவர் வேண்டாம்னுதான்."

"எத்தன கிலோ போட?"

"நூறு கிராம்."

அவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நிறுத்துப் போட்டார். வாளியின் அடி மறையவில்லை.

எங்கள் தெருவில் குப்பை எடுக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். தள்ளுவண்டியை நிறுத்தி விசில் ஊதுவாள். என் குப்பை வாளியை எட்டிப் பார்த்து ஒரு நாள் சொன்னாள்: "உங்க வீட்டுல குப்பையே இல்லையேக்கா! மத்த வீட்டுல வண்டி வண்டியாக் கொட்டுதாவ. நீங்க வாரத்துக்கு ஒருக்க போட்டாப் போதும். தெனமும் எறங்கி வந்து கஷ்டப்படாதிய."

பாராட்டாகத்தான் சொன்னாள். ஆனால் நாளில் நான் வாய் திறந்து பேசும் முதல் ஆள் அவள். பல நாள் கடைசி ஆளும் அவள்தான்.

மறுநாள் பிஸ்கட் பாக்கெட் ஒன்று வாங்கினேன். எனக்குப் பிஸ்கட் பிடிக்காது. உறையைப் பிரித்து மக்காத குப்பையில் போட்டு, விசில் கேட்டதும் கீழே இறங்கினேன். அதற்கடுத்த நாள் சிப்ஸ். அப்புறம் எதுவோ ஒன்று. மகன் போனில், "குப்பையப் பிரிச்சுத்தானே போடுதே?" என்று கேட்டான். "பிரிச்சுத்தான் போடுதேன்" என்றேன். அது பொய் இல்லை.

ஒரு மாதம் போயிருக்கும். வீட்டு டப்பாக்கள் நிறைந்துவிட்டதால் நமுத்துப்போன பிஸ்கட்டையெல்லாம் மக்கும் குப்பையில் கொட்டியிருந்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா இது, ஒண்ணுகூடக் கடிக்கல. கவரப் பிரிக்கதுக்குன்னே வாங்குனியளா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நீ நிக்கணும்னுதான்" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. கையுறையைக் கழற்றி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்தாள். "எனக்கு இன்னும் ஏழு தெரு கெடக்குக்கா. ரொம்ப நேரம் நிக்க முடியாது. ஆனா குப்பை இல்லாட்டாலும் கூப்பிடுதேன். காசக் கரியாக்காதிய."

சொன்னபடி கூப்பிட்டாள். சாப்பிட்டியளா, கால் வலி எப்படி இருக்கு என்று இரண்டு வார்த்தை. நான் வெறுங்கையோடு வாசலில் நிற்பேன். பிஸ்கட் வாங்குவதை விட்டேன். ஆறு மாதம் அப்படிப் போனது.

சித்திரை மாதம் அவளை வேறு பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். சொல்லிக்கொண்டு போக அவளுக்கும் நேரம் கிடைக்கவில்லை போலும். இப்போது பாட்டுப் போட்டுக்கொண்டு பேட்டரி வண்டி வருகிறது. ஓட்டுகிறவர் நல்ல மனிதர்தான். ஆனால் அந்தப் பாட்டுச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. நான் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை வாளியைக் கொண்டு போகிறேன்.

போன வாரம் ஜங்ஷன் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாக அவளைப் பார்த்தேன். ஒரு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, யாரோ ஒரு வயதானவரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். கூப்பிட வாயெடுத்தேன். அவள் பெயரை ஒரு நாளும் கேட்டுவைத்ததில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யோசிப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது.