அறுபத்தொரு வைரஸ், ஒரு குற்றவாளி

அந்தக் கண் மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் பெண்ணை எல்லோரும் 'பேக்கப் அக்கா' என்றே கூப்பிடுவார்கள். கிண்டலாக வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை மாலையானால் மேசை மேசையாக வந்து, "ஃபைலை எல்லாம் மூடுங்கப்பா, நகல் எடுக்கணும்" என்று விரட்டுவார். எல்லா மேசைகளுக்கும் சேர்த்து வாரம் ஒரு நகல், அந்தத் தேதியே அதற்குப் பெயர். இப்படி எழுபது நகல்கள் ஒரு கறுப்பு டிரைவில் இருந்தன.

ஒரு திங்கட்கிழமை காலை, புதிதாக வாங்கிய ஆண்டிவைரஸை அந்த டிரைவின்மேல் ஓடவிட்டார். திரை முழுக்கச் சிவப்பு வரிகள். பின்னால் வந்து நின்ற நிர்வாகி எட்டிப் பார்த்தார்.

"அறுபத்தொரு வைரஸா!"

அவர் பார்வை நேராக வரவேற்பு மேசைக்குப் போனது.

"அந்தம்மா வந்து மூணு வாரம்தான் ஆகுது. போனை கம்ப்யூட்டர்ல சொருகி சார்ஜ் போடுறாங்கன்னு அப்பவே சொன்னேன். சாயங்காலத்தோட நின்னுக்கச் சொல்லுங்க. அந்த டிரைவையும் மொத்தமா அழிச்சுடுங்க."

காத்திருந்த முப்பது பேருக்கும் கேட்டது. வரவேற்பாளர் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருத்தி வந்த பிறகு ஒன்று நடந்தால் அவளால்தான் நடந்தது என்று முடிவுகட்ட மூளை தேவையில்லை, நாற்காலி போதும்.

"நோயாளிங்க ஸ்கேன் எல்லாம் இதுலதான் சார் இருக்கு. தலையில பேன்னா தலையையா எடுப்பீங்க? சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க" என்றார் அக்கா.

பின்னறையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதன் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, டிரைவை அதில் மாட்டி, சிவப்பு வரிகளைத் தேதிவாரியாக அடுக்கினார். அடுக்கி முடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அறுபத்தொன்றும் ஒரே ஃபைல். ஒரே திருடனை அறுபத்தொரு தடவை போட்டோ எடுத்து வைத்திருந்தார்கள். பழைய ஆண்டிவைரஸுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வாசலில் வரவேற்பாளர் நின்றார்.

"அக்கா, நான் சார்ஜ் போட்டது உண்மைதான்க்கா."

"அது தப்புதான். இனிமே சுவத்துல இருக்குற பிளக்குல போடு. ஆனா இது வேற. பதினாலு மாசத்துக்கு முன்னாடி எங்க இருந்த?"

"துணிக்கடையிலக்கா."

"முதல் ஒன்பது நகல் சுத்தம். பத்தாவதுல ஆரம்பிக்குது. எந்த மேசை ஃபோல்டர்னு நீயே பாரு."

நிர்வாகியின் மேசை. மாதத்துக்கு ஒரு அதிர்ஷ்ட நிறம் சொல்லும் இலவச மென்பொருள். நிறத்தை முன்னால் சொல்லிக்கொண்டே பின்னால் பாஸ்வேர்டுகளைத் திருடியிருக்கிறது. போன மாதம் முழுக்க அவர் மஞ்சள் சட்டையிலேயே வந்ததற்கும் காரணம் தெரிந்துபோயிற்று.

அக்கா முதலில் நிர்வாகியின் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்தார். எல்லாருடைய பாஸ்வேர்டையும் மாற்றவைத்தார். பிறகு ஒவ்வொரு நகலிலிருந்தும் அந்த ஒரு ஃபைலை மட்டும் நீக்கி, ஸ்கேன்கள் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, தேதிப் பட்டியலோடு நிர்வாகியின் அறைக்குப் போனார்.

நிர்வாகி படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"சரிம்மா, அவங்க இருக்கட்டும். இதைப் பெரிசாக்க வேண்டாம்."

"பெரிசாக்கினது யாரு சார்? காலையில ஊரைக் கூட்டிச் சொன்னீங்க. இப்ப ரூமுக்குள்ள மெதுவா சொன்னா எப்படி?"

"நான் என்ன வேணும்னா செஞ்சேன்?"

"அந்தக் கேள்வியை அவங்களைப் பத்தியும் கேட்டிருக்கலாமே."

நிர்வாகி எழுந்து வந்தார். கூடம் நிறைந்திருந்தது. தொண்டையைச் செருமினார்.

"காலையில நான் சொன்னது தப்பு. வைரஸ் அவங்களால வரலை. என் கம்ப்யூட்டர்லேர்ந்துதான் வந்துச்சு."

சொட்டுமருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "யாருங்க பேசறது? எனக்குத் தெரியலையே."

"நிர்வாகிங்க."

"என்ன வந்துச்சு உங்ககிட்டேர்ந்து? சத்தமாச் சொல்லுங்க."

நிர்வாகி சத்தமாகச் சொன்னார். வரவேற்பாளர் நிமிர்ந்து உட்கார்ந்து, அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.