படகில் மீனா கேட்டது

தொண்ணூறுகளில் ஒரு கோடை. இங்கிலாந்தில் வாழ்க்கைப்பட்டிருந்த என் தங்கை மீனாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நான் போய்ச் சேர்ந்தேன். அவள் ஆசைப்பட்டாள் என்று, கால்வாயில் போகும் படகுவீடு ஒன்றை அவள் வீட்டுக்காரர் ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தார்.

குறுகலான, நீளமான படகு. கரையில் நடப்பவர்கள்கூட எங்களை முந்திப் போனார்கள். கொண்டுபோன பால்கோவாவில் துளி ஊட்டினேன். மீனாவால் விழுங்க முடியவில்லை.

“ஆண்டாளுக்கு வேண்டியிருக்கேன்டி, சரியாயிரும்.”

அவள் என் கையைத் தள்ளினாள். “எல்லாரும் இதையே சொல்லுதாங்க. நான் சாகப்போறேன்க்கா. பயமா இருக்கு. அத யார்கிட்ட சொல்ல?”

அவளைக் கட்டிக்கொண்டு சத்தமாக அழுதேன். அவளும் அழுதாள். அவள் வீட்டுக்காரர் படகைக் கரையில் கட்டிவிட்டு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்பியதும் அம்மா கேட்டாள்: “பொழைச்சிருவாளா?”

“இல்லம்மா.”

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த மாதமே மீனா போய்விட்டாள். அம்மாவிடம் உண்மையைச் சொன்னது சரிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அந்த ராத்திரிகளில் அம்மாவைத் தனியாக மட்டும் நான் விடவில்லை.