குப்பையில் கிடந்த ஆறு தலைகள்

ஓட்டலில் இசில்டா பிரைஸ் திருடினாள் என்று எவனாவது என் முன்னால் வந்து சொல்லட்டும், பார்க்கிறேன்.

எங்கள் தீவின் ட்ரெலானி மலையில் வள்ளிக்கிழங்கைத் தோண்டினால் கிழங்கின் அடிப்பகுதியை விற்போம். கொடி முளைக்கும் தலைப்பகுதியைத் திரும்ப மண்ணில் புதைப்போம். அடுத்த வருஷச் சாப்பாடு அதுதான். புருஷன் போன பிறகு மூன்று பிள்ளைகளை இசில்டா வளர்த்தது மலைச்சரிவில் இருந்த ஒரு துண்டு நிலத்தை வைத்துத்தான்.

கடற்கரையில் புது ஓட்டல் திறந்ததும், காய்கறி வாங்குகிறவர் ஒருவர் ஜீப்பில் ஏறி வந்தார்.

“கிழங்கை எவன் திங்கிறான் அங்க? சாலட்டுக்கு லெட்டூஸ் கீரை போடுங்க. எவ்வளவு வந்தாலும் எடுத்துக்கறோம்.”

“தலையை என்னய்யா பண்றது?” என்று கேட்டாள் இசில்டா.

“அதையும் வேகவெச்சுத் தின்னுட்டு நிலத்தைக் காலி பண்ணும்மா.”

சிரித்தோம். அப்புறம் அப்படியே செய்தோம், ஊர் முழுக்க, நானும்தான். புத்தி எங்கே மேயப் போயிற்றோ.

ஓட்டல்காரர்கள் இரண்டு அறுவடை வாங்கிக்கொண்டார்கள். மூன்றாவதுக்கு வண்டி வரவில்லை. மயாமியிலிருந்து கப்பலில் வருவது எல்லாம் ஒரே அளவாம், எங்களுடையதில் புழு ஓட்டையாம். அந்த இலை எங்கள் வாய்க்கு ஒத்துவராது. ஆட்டுக்குப் போட்டோம், அதற்கும் பேதி. திரும்பக் கிழங்கு நடலாமென்றால் கைமாற்றாகக் கேட்க ஒரு வீட்டிலும் தலை இல்லை.

நான் ஓட்டல் சமையலறைக்குத் தட்டு கழுவப் போனேன். இசில்டாவும் என்னோடு வந்தாள். அவளுக்குக் கொடுத்த வேலை, மயாமிப் பெட்டியைப் பிரித்து லெட்டூஸ் நறுக்குவது. வயிறெரிந்தது எனக்கு.

வெள்ளிக்கிழமைகளில் ‘தீவு விருந்து’. சுற்றுலா வந்தவர்கள் படம் பிடிக்க, வேறு மாவட்டத்துக் கிழங்குகளைத் தலையோடு மேஜையில் குவிப்பார்கள். சனிக்கிழமை எல்லாம் குப்பைத் தொட்டிக்கு. இசில்டா நாலு வாரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தாவது வாரம் ஆறு தலைகளை வெட்டி ஏப்ரனில் சுற்றிக்கொண்டாள்.

வாசலில் பை சோதிக்கிற கெர்வின் எங்கள் ஊர்ப் பிள்ளைதான்.

“என்னக்கா இது?”

“உங்க வீட்டு அடுப்பு எரிஞ்சது இதாலதாண்டா. உனக்குத் தெரியாதா?”

“தெரியும்க்கா. குப்பையா இருந்தாலும் வெளிய போகக் கூடாதுங்கறாங்க. கேமரா பாத்துக்கிட்டே இருக்கு.”

“ஒண்ணே ஒண்ணு விடு. வருஷத்துல பெருக்கிக்குவேன்.”

“என் வேலை போயிடும்க்கா.”

அவள் முகத்தைப் பார்க்காமல் ஆறையும் வாங்கித் தொட்டியில் போட்டான். யாரும் எடுக்கக்கூடாதென்று குப்பைமேல் ப்ளீச் ஊற்றுவது அங்கே வழக்கம். அதையும் ஊற்றினான். அன்றைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

மறுநாள் காலை, ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லலாமென்று அவள் சரிவுக்குப் போனேன். வாடிய லெட்டூஸைப் பிடுங்கிவிட்டு, முந்தின வாரமே ஆறு மண்மேடு கூட்டி, கொடி ஏற ஆறு குச்சியும் நட்டு வைத்திருந்தாள்.