ஆளில்லாத பாடு

வடகரைக்குப்பத்தின் ஊர்த்தலைவர், நாட்டார் துளசிங்கத்தைப் பற்றிக் கேட்டால் ஊரே ஒரே பேச்சாகச் சொல்லும்: மனுஷன் முறை தவறாதவர். அவர் காதில் விழும்படி சொன்னால் அவருக்கும் பிடிக்கும். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கேட்டுக்கொள்வாரே தவிர, வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

அவர் காத்துவந்த முறைக்குப் பெயர் பாடு. ஏரியில் இறால் படும் இடங்களை வருஷாவருஷம் தை மாதம் ஊர் கூடி ஆண்களுக்குள் பிரித்துக்கொள்ளும். இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருடையது. அது அவன் பாடு. அங்கே வேறொருவன் வலையை நனைத்தால் ஊரைவிட்டு ஒதுக்கி வைப்பார்கள். சொந்தத் தம்பியையே துளசிங்கம் அப்படி ஒதுக்கிவைத்தார். தம்பி மனம் வெறுத்துப் பசியாவரத்துக்குக் குடிபோய்விட்டான். நாட்டார் அன்றைக்கும் வேளை தவறாமல் சாப்பிட்டார். அதையும் நேர்மை என்றுதான் ஊர் சொன்னது.

ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கோட்டை கட்டி, கப்பலில் துணி ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. வடகரைக்குப்பம் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே கிடந்த ஒரு மணல் திட்டு. சில வருஷமாகக் கடல் அந்தத் திட்டைத் தின்றுகொண்டிருந்தது. முதலில் வலை உலர்த்தும் இடம் போயிற்று. பிறகு கட்டுமரம் ஏற்றும் இடம். அதற்கப்புறம்தான் கோட்டையிலிருந்து ஆள் வந்தது. கரை இல்லாவிட்டால் துணி மூட்டைப் படகுகள் எங்கே ஒதுங்கும்? மண்ணைப் போட்டுக் கரையை உண்டாக்குங்கள் என்று உத்தரவு. எப்படி என்று அவர்கள் சொல்லவில்லை. அது அவர்கள் கவலையும் இல்லை.

முகத்துவாரத்துத் திட்டிலிருந்து படகில் மணல் கொண்டுவந்து, ஓலைக்கூடையில் சுமந்து, கரையில் மேடாகக் கொட்டி, மேலே அடம்பங்கொடி நட வேண்டும். கொடி படர்ந்தால் மணல் நிற்கும். ஆனாலும் மழைக்காலத்துக்கு மழைக்காலம் அலை அரித்துக்கொண்டு போகும். மறுபடி கொட்ட வேண்டும். முடிவில்லாத இந்த வேலையையும் துளசிங்கம் பாடு போட்டுவிட்டார். கரை நெடுகப் பனங்குச்சி நட்டு, இந்தக் குச்சிக்கும் அந்தக் குச்சிக்கும் நடுவே இன்னார் பாடு என்று பிரித்தார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. அவனவன் கரையை அவனவன் கண்ணாகப் பார்த்துக்கொண்டான். இரண்டு வருஷம் கடல் பின்வாங்கியே இருந்தது. துளசிங்கத்துக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வருஷம் பாடு போட்ட கையோடு அவர் மருமகன் வேலு கடலுக்குப் போனவன் திரும்பவில்லை.

வேலுவுக்குப் பிள்ளை இல்லை. செத்தவன் பாட்டை, அடுத்த தை மாதம் ஊர் கூடும்வரை யாரும் தொடக்கூடாது. தொட்டால் செத்தவன் சோற்றில் கைவைத்த பாவம். ஏரியில் இது நல்ல வழக்கம்தான். ஒரு இடம் சும்மா கிடந்தால் மீன் பெருகும், அவ்வளவுதான். கரையில் ஒரு இடம் சும்மா கிடந்தால் என்ன ஆகும் என்று ஒருவருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. வேலுவின் பாடு அவன் வீட்டுக்கு நேர் முன்னால் இருந்தது. அந்த வீட்டில் இப்போது துளசிங்கத்தின் மகள் செல்வம்மாள் தனியாக இருந்தாள். வேலு அவளுக்கு வைத்துவிட்டுப் போனது அந்த வீடு ஒன்றுதான்.

ஆடி மாதத்தில் பார்த்தபோது வேலுவின் பாடு மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி உள்ளே போயிருந்தது. இரண்டு பக்கமும் மேடு நிமிர்ந்து நின்றதால் வந்த அலையெல்லாம் அந்தப் பள்ளத்திலேயே புகுந்தது. நண்டுகள் பழைய வளைகளை விட்டு மேலேறி, செல்வம்மாள் வீட்டுச் சுவரடியில் தோண்ட ஆரம்பித்தன. ஐப்பசி பிறந்ததும் அவள் வீட்டு ஊற்றுத் தண்ணீர் உப்புக் கரித்தது.

அவள் அப்பனிடம் வந்தாள்.

"நைனா, பள்ளம் வாசலுக்கு வந்துடுச்சு. ஆளுக்கு ஒரு கூடை போடச் சொல்லு. நீ சொன்னா போடுவாங்க."

"அது வேலு பாடும்மா. தை மாசம் ஊரு கூடும். அப்ப யாருக்காவது பிரிச்சுக் குடுத்துடலாம்."

"தை வரைக்கும் கடலு சும்மா இருக்குமா?"

"இன்னா பேசற நீ? என் பொண்ணுக்குனு முறைய மாத்துனா நாளைக்கு எவன் என்னை மதிப்பான்? நீ நம்ம வூட்டுக்கு வந்துடு."

"என் வூடு நிக்கறப்ப உன் வூட்டுக்கு நான் ஏன் வரணும்?"

திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். சும்மா சொல்லக்கூடாது, மகள் என்றால் துளசிங்கத்துக்கு உயிர். ஆனால் தம்பியை ஒதுக்கியவர் மகளுக்கு வளைந்தார் என்று நாலு பேர் பேசுவார்களே என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. மறுநாளிலிருந்து செல்வம்மாளே கூடையைத் தூக்கினாள். பெண்ணுக்குப் பாடு கிடையாது. ஊரார் நாட்டாரைப் பார்த்தார்கள். அவர் கண்டும் காணாததுபோல இருந்துவிட்டார். ஒற்றை ஆள் கொட்டிய மணலைக் கடல் அன்றன்றைக்கே எடுத்துக்கொண்டது.

கார்த்திகையில் ஒரு நாள் பட்டப்பகலில் இருட்டிக்கொண்டு வந்தது. பின்னால் ஏரி வெள்ளத்தில் பொங்கிக்கொண்டிருந்தது, முன்னால் கடல். ஆண்கள் அவனவன் குச்சிகளுக்கு நடுவே நின்று கூடை கூடையாகக் கொட்டினார்கள். வேலுவின் பாடு வழியாக அலை நேரே போய்ச் செல்வம்மாள் வீட்டுச் சுவரில் மோதியது. அவள் இடுப்பளவுத் தண்ணீரில் சுவருக்கு முதுகைக் கொடுத்து நின்றாள்.

துளசிங்கம் கூடையோடு ஓடி வந்து குச்சியைத் தாண்டினார்.

"வாங்கடா! எல்லாரும் இங்க வந்து கொட்டுங்கடா!"

யாரும் அசையவில்லை. பக்கத்துக் கரைக்காரன் கங்காதரன் நிறைந்த கூடையோடு குச்சி வரைக்கும் வந்து நின்றுவிட்டான். கெட்டவன் இல்லை அவன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"நாட்டாரே, செத்தவன் பாடு இது. ஊரு கூடாம எப்படிக் கால் வெக்கறது? நாட்டாரே சொன்னாலும் கூடாதுனு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

"என் பொண்ணுடா!"

"புத்தி கலங்கிப்போச்சு உங்களுக்கு. வெளிய வந்துடுங்க" என்று கங்காதரன் குச்சிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே கையை நீட்டினான். அந்தக் கை கிழவரைப் பிடித்து இழுத்து மேட்டில் போட்டது. செல்வம்மாளுக்கு அந்தக் கை எட்டவில்லை. அடுத்த அலையில் சுவர் அவள்மேல் சாய்ந்தது. வீட்டின் பின்பக்கத்தை உடைத்துக்கொண்டு ஏரித் தண்ணீரும் வந்து சேர்ந்தது.

காற்று ஓய்ந்ததும் ஊர் கூடியது. வேலுவின் பாட்டை எல்லோரும் சேர்ந்து நிரப்பலாம் என்று மறுபேச்சு இல்லாமல் முடிவாயிற்று. முறைப்படி நாட்டாரின் சம்மதம் கேட்டார்கள். துளசிங்கம் தலையாட்டினார். அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால், அவர் மகள் வீடு இருந்த இடத்தில், ஏரி கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.