கறுவா எண்ணெய் பூசிய குட்டி

எங்கள் வீட்டுக்கு ஆடு வந்தது என் யோசனை இல்லை. அது மகனின் யோசனை. அப்பா நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், ஓர் ஆடு இருந்தால் அதையாவது பார்த்துக்கொண்டிருப்பார் என்றான். சினை ஆடு ஒன்றை லொறியில் ஏற்றி வந்து முற்றத்துப் பலா மரத்தில் கட்டிவிட்டு, தம்புள்ள மரக்கறிச் சந்தையில் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். பார்த்துக்கொண்டிருக்க அப்பா இருக்கிறார், சரி. குழை ஒடிக்கவும் தண்ணீர் வைக்கவும் புழுக்கை கூட்டவும் யார் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? அந்த வீட்டில் நடமாடுகிற ஆள் நான் ஒருத்திதான்.

என் வீட்டுக்காரர் நாலந்தாப் பக்கம் ஒரு ஸ்பைஸ் கார்டனில் வேலை பார்த்தவர். பஸ்ஸில் வந்து இறங்குகிற வெள்ளைக்காரர்களுக்கு மிளகுக்கொடி, ஏலம், வனிலா எல்லாம் காட்டிவிட்டு, கடைசியில் பெஞ்சில் உட்காரவைத்து முதுகிலும் தோளிலும் எண்ணெய் தடவிவிடுவார்கள் அல்லவா, அந்தத் தடவுகிற வேலை அவருடையது. பாரிசவாதம் வந்து இடக்கையும் இடக்காலும் விழுந்தபோது அந்த வேலையும் போனது. தடியை ஊன்றிக் கொல்லை வரைக்கும் போவார். மற்றதெல்லாம் நான். குளிப்பாட்டுவது, துடைப்பது, மாத்திரை கொடுப்பது. வலக்கை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வாய் ஒரு பக்கம் கோணியிருந்ததால் தானாகச் சாப்பிட்டால் பாதிச் சோறு இடுப்புச் சாரத்தில் கிடக்கும். அதைத் துடைத்து, சாரத்தை மாற்றி, அலசிப் போடுவதைவிட ஊட்டிவிடுவது சுலபம். அதனால் மூன்று வேளையும் நானே ஊட்டினேன்.

கண்டியில் இருக்கும் மகள் ஒரு கிழமை வந்து இருந்துவிட்டுப் போகும்படி கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். ஒருவழியாக மகன் லீவு எடுத்து வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒத்துக்கொண்டான். கண்டிக்கு வந்து என்னென்ன பார்க்கவேண்டும் என்று மகள் ஃபோனில் கேட்டாள். ஒன்றும் பார்க்கவேண்டாம், தூங்கவேண்டும் என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

போவதற்குச் சில நாள் இருக்கும்போது ஆடு குட்டி போட்டது. நாள் இன்னும் இருக்கிறது என்று நினைத்து நான் அவருடைய மாத்திரைக்காக நாவுல டவுனுக்குப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி வந்தால், வேலிக் கடப்பிலேயே கறுவாப்பட்டை எண்ணெய் வாசனை. ஆட்டுக் கொட்டில் வாசலில், ஈர மண்ணில், அவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் சாக்கு, சாக்கின்மேல் ஒரு குட்டி. எலும்பும் ஈரத் தோலுமாக, ஒரு பூனை அளவுகூட இல்லை. தலை துணிபோலத் தொங்கியது. ஆடு மூலையில் நின்று, இதெல்லாம் யாருடைய சமாச்சாரம் என்பதுபோல் அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அது தலைப்பிரசவம்.

நடந்ததை அவர் குழறிக் குழறிச் சொன்னார். விழுந்த குட்டி அசையவில்லை, ஆடு நக்கவும் இல்லை. தனியாக முற்றத்தைத் தாண்டி இழுத்து இழுத்துப் போயிருக்கிறார். சாரத் தலைப்பால் அதன் மூக்கையும் வாயையும் துடைத்திருக்கிறார். உடம்பு சில்லிட்டிருந்ததாம். திரும்ப வீட்டுக்குள் போய், ராக்கைத் தட்டில் இருந்த தன் பழைய எண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்து, வெள்ளைக்காரர் முதுகில் தடவுவதுபோல் ஒற்றைக் கையால் தடவு தடவென்று தடவியிருக்கிறார். அந்தக் கைக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

"உசுரு இருக்கு," என்றார்.

இருந்தது. குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே குளிர்ந்து கிடந்தது. அப்படி இருந்தால் அது சப்பாது, பால் ஊற்றினாலும் இறங்காது. தூக்கிப்போய் அடுப்படியில் சாம்பல் சூட்டுக்குப் பக்கத்தில் போட்டேன். ஆட்டைச் சுவரோடு சாத்திப் பிடித்து மஞ்சளாய்த் திரண்டிருந்த சீம்பாலைக் கறந்தேன். வாய் சூடேறியதும், அவருக்கு மருந்து புகட்டுகிற ஊசியில்லாத சிரிஞ்சால் ஓரக்கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டேன். பொழுது சாய்வதற்குள் விழுங்கத் தொடங்கியது. மெல்ல ஒரு சத்தமும் போட்டது. அவர் வாசற்படியில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலை நிமிர்ந்ததும் தாயிடம் கொண்டுபோனேன். ஆடு கழுத்தை நீட்டி மோந்தது. ஒரு தும்மல் தும்மிப் பின்னால் போனது. மறுபடி மோந்தது, மறுபடி தும்மல். அப்புறம் தலையைத் தாழ்த்தி ஒரு முட்டு. குட்டி சுவரோரம் போய் விழுந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வாசனையில் எனக்கே வந்து இறங்கியதிலிருந்து மூக்கு எரிகிறது. ஆடு தன் குட்டியைக் கண்ணால் பார்த்தா அறியும்? மோந்துதான் அறியும். இந்தக் குட்டியிடம் அதற்குக் கிடைத்தது ஸ்பைஸ் கார்டன் மட்டும்தான்.

கோபம் தலைக்கு ஏறிவிட்டது. தாய்க்குத் தன் பிள்ளையைத் தெரியாதபடி ஆக்கிவிட்டீர்களே, இனி இதற்கும் நான்தான் தாயா என்று கத்தினேன். நான் சொன்னது நியாயமில்லை என்று சொல்லும்போதே தெரியும். அவர் தடவாமல் விட்டிருந்தால் நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அது விறைத்துப்போயிருக்கும். அவர் தன் வலக்கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடலை மாவு போட்டுத் தேய்த்து வெந்நீரில் கழுவினேன். கறுவா எண்ணெய் அதற்கெல்லாம் மசியுமா? உப்பைத் தடவிக் காட்டினேன். ஆடு உப்பை ஒரு நக்கு நக்கிவிட்டு முட்டியது. அதன் பிறகு கறப்பதும் புகட்டுவதும் என் தலையில் விழுந்தது. மகள் வீட்டுப் பேரனின் பழைய சூப்பிப் போத்தல் ஒன்று கிடந்தது, அதைத் தேடி எடுத்தேன். குட்டிக்குப் போத்தல், அவருக்குச் சோறு, குட்டிக்குப் போத்தல், அவருக்கு மாத்திரை. ஒன்று முடிந்து கையைக் கழுவினால் மற்றது கத்தும். இடுப்பு நிமிரவில்லை. செத்துத் தொலைந்தால் நிம்மதி என்று ஒரு முறை நினைத்தேன். நினைத்ததைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எந்த உயிர் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால்தான் பதில் சொல்லக் கஷ்டப்பட்டிருப்பேன்.

மகன் ஃபோனில் கையை விரித்தான். அப்பாவைப் பார்த்துக்கொள்வான், ஆனால் ஆடு கறந்து குட்டிக்குப் புகட்டுவதெல்லாம் தனக்கு ஏலாது என்றான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. மகளைக் கூப்பிட்டு, நான் வந்த மாதிரித்தான், இந்த முறை வர ஏலாது, விட்டுவிடு என்றேன். அவள் ஏதோ சொன்னாள். நான் சரி சரி என்று வைத்துவிட்டேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பிளேன்டிக் கோப்பையைக் கொடுக்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவ மூக்குலயும் தடவு."

எனக்கு விளங்கவில்லை. மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். தோட்டத்துக்கு வருகிற ஆட்களுக்கு முதல் எண்ணெயை மோக்கக் கொடுத்தால் ஆகா என்பார்களாம். நாலைந்து மோந்த பிறகு எதைக் கொடுத்தாலும் ஒரே வாசனை என்பார்களாம். ஆட்டின் மூக்கிலேயே அந்த எண்ணெய் இருந்தால் அதற்குக் குட்டியும் அதே வாசனை, தொட்டியும் அதே வாசனை, உலகமே அதே வாசனை. அப்புறம் குட்டியை மட்டும் எதற்கு முட்டப்போகிறது? வியாதி வந்த பிறகு அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை.

நம்பிக்கை இல்லாமல்தான் செய்தேன். கறுவா எண்ணெயில் துளி எடுத்து, நிறையத் தேங்காயெண்ணெயில் கலந்து, ஆட்டின் மூக்குத் தண்டில் பூசினேன். அவரைக் கொட்டிலுக்குள் ஒரு கட்டையில் உட்காரவைத்தேன். ஆட்டின் கழுத்தை வலக்கைக்குள் இடுக்கித் தன் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். நான் குட்டியை மடிக்குக் கீழே தள்ளினேன். குட்டிக்கு மடி என்றால் என்னவென்றே தெரியவில்லை. அது திரும்பித் திரும்பி என் முந்தானைக்குள் போத்தலைத் தேடியது. காம்பைப் பிடித்து அதன் வாயில் பீய்ச்சினேன், பாதி என் முகத்தில் அடித்தது. ஆடு உதைத்தது. இறுக்கிப் பிடியுங்கள் என்று நான் கத்த, பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அவர் கத்த, இரண்டு பேருக்கும் மேல்மூச்சு வாங்கியது. இப்படிக் காலையும் மாலையும். அலுப்பு குறைந்தது என்று சொல்லமாட்டேன், கூடத்தான் செய்தது. ஆனால் அலுக்கிற ஆட்கள் இரண்டு பேர் ஆனோம்.

ஒரு காலையில் குட்டி காம்பைக் கவ்வி இழுக்கும்போது ஆடு கழுத்தை அவர் பிடிக்குள்ளேயே வளைத்து, குட்டியின் வாலடியை நக்கியது.

ஆனாலும் அவர் பிடியை விட்டால் ஆடு நகர்ந்துவிடும். அவர் பிடித்திருக்கும்வரைதான் குட்டிக்குப் பால். இனிக் கறந்து புகட்டத் தேவையில்லை என்றதும், மகன் முன்பு சொன்ன நாளிலேயே வந்து இறங்கினான். நான் போகவா வேண்டாமா என்று பையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அவர் கொட்டிலுக்குள் உட்கார்ந்து, ஆட்டுக் கழுத்தை இடுக்கியபடி, பஸ் வந்துவிடும் என்று மட்டும் சொன்னார். போனேன். மாத்தளை தாண்டும்வரை குட்டி செத்துவிடும், இவர் விழுந்துவிடுவார் என்று மாறி மாறி மனம் அடித்துக்கொண்டது. அதற்கப்புறம் எப்போது தூங்கினேன் என்று தெரியாது. கண்டி வந்ததும் கண்டக்டர் தட்டி எழுப்பினார்.

மகள் வீட்டிலிருந்து தினமும் கூப்பிட்டேன். மகன் எடுப்பான், எல்லாம் நல்லபடி என்பான், வைத்துவிடுவான். ஒரு காலையில் அவரே எடுத்தார்.

"குட்டி தானா குடிக்குது. நான் புடிக்கல. அவளே நின்னு குடுக்கிறா."

சந்தோஷம் என்றேன். சாப்பிட்டீர்களா, மகன் ஊட்டினானா என்று கேட்டேன்.

"அவன் இன்னும் படுத்திருக்கான். நானே தின்னேன்."

"சாரத்துல கொட்டியிருக்குமே."

"கொட்டுச்சு. கொட்டுனா என்னா?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எத்தனை வேளை, எத்தனை கவளம். "அப்ப இத்தன நாளும் ஏன் வாயத் தொறந்துக்கிட்டு ஒக்காந்திருந்தீங்க?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் கத்திய ஆட்டை அதட்டினார்.

"ஒன் கை இருந்திச்சி. தின்னேன்," என்றார். பிறகு, "மெதுவா வா, புள்ள. ஒறங்கிட்டு வா."

அப்பா என்ன சொன்னார் என்று மகள் கேட்டாள். தூங்கச் சொல்கிறார் என்றேன். அவள் பாயை விரித்து, ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனாள். அங்கே இந்த நேரத்தில் ஆட்டுக்கும் நான் தேவையில்லை, அவருக்கும் தேவையில்லை என்று படுத்தபடி நினைத்தேன். இத்தனை காலமும் நான் கேட்டதே அதைத்தான். கிடைத்ததும் அழுகை வந்தது. அழுதுகொண்டே தூங்கிப்போனேன்.